பழைய சாமான் கடையில் மாரிக்கு ஆயத்தம்: காசு கொடுக்க முதல் பிளக்கைக் கழற்றுங்கள்

2024 நவம்பர் கடைசியில் மழை விடாமல் அடித்த அந்தக் கிழமை, மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரவு எட்டு மணிபோல் கரண்ட் போனது. எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. மூன்று மாதத்துக்கு முன்தான் பழைய சாமான் கடையில் ஒரு றேடியோ வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். எடுத்துத் துடைத்து, புதுப் பற்றரி நான்கு போட்டு, குமிழைத் திருகினேன். சத்தமே இல்லை. மாற்றிப் போட்டேன், தட்டினேன், உலுப்பினேன். கடையில் அவ்வளவு அழகாகப் பாடிய சாமான்! அம்மா இருட்டுக்குள் இருந்து, “அதை விட்டுட்டு வந்து படு மனே, தண்ணி ஏறினா கால் சொல்லும்” என்றார்.

அந்த றேடியோ ஏன் பாடவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அதற்குப் பிறகு மாரிக்குத் தேவையான மற்றச் சாமான்களையும் பழைய கடைகளிலேயே தேடி வாங்கினேன். சிலது நல்ல சாமான், சிலது குப்பை. நீங்களும் வாங்குவதாக இருந்தால் நான் செய்கிற ஒழுங்கு இதுதான்.

1. போகும் காலம்

ஆடி, ஆவணியில் போங்கள். நம் பக்கம் பெருமழை நவம்பரில் தொடங்கி தை வரை இழுக்கும். ஐப்பசியில் இரண்டு நாள் இருட்டிக்கொண்டு வந்தாலே படங்கும் லாம்பும் விலை ஏறிவிடும், பேரம் பேசவும் முடியாது. வெயில் காலத்தில் போனால் கடைக்காரரே இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்று இருப்பார். வெயிலில் வைத்துச் சோதிக்க வேண்டிய சாமான்களும் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

கடை என்றால் மூன்று வகை. ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வருகிற பாவித்த சாமான் விற்கிற கடை, பழைய இரும்புக் கடை, வீடு மாறுகிறவர்களிடம் மொத்தமாக வாங்கி விற்கிற சிறிய கடை. எனக்குப் பிடித்தது மூன்றாவது. முதலாவதில் சாமான் பளபளப்பாக இருக்கும், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. இரும்புக் கடையில் அலவாங்கு, மண்வெட்டி, சங்கிலி வாங்கலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

2. கையோடு கொண்டு போக வேண்டியவை

பெரிய பற்றரி நான்கு, சின்னப் பற்றரி நான்கு, எல்லாம் புதியவை. ஒரு பழைய பத்திரிகை. கால் போத்தல் மண்ணெண்ணெய். ஒரு துண்டு உப்புத்தாள். மல்டிமீற்றர் இருந்தால் அதுவும். இதையெல்லாம் பையில் இருந்து எடுக்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். முதல் தடவை கடைக்காரக் காக்கா என்னைப் பார்த்து, “தம்பி கடை போடவா வந்தீங்க?” என்று கேட்டார். இப்போது அவரே தன் சாமானைச் சோதிக்க என்னிடம் பற்றரி கேட்கிறார்.

3. றேடியோ

கைபேசி இருக்கும்போது றேடியோ எதற்கு என்று கேட்பவர்கள், கரண்ட் இல்லாத இரண்டாம் நாள் சார்ஜ் தீர்ந்த போனையும் சிக்னல் இல்லாத டவரையும் நினைத்துப் பாருங்கள்.

கடையில் என்ன நடக்கும்? நீங்கள் கேட்டதும் அவர் வயரைச் சுவரில் சொருகுவார். பாட்டு வரும். நீங்கள் காசு கொடுப்பீர்கள். நான் செய்ததும் அதுதான். ஆனால் வெள்ளத்தில் சுவரில் கரண்ட் இருக்காதே! அது பற்றரியில் பாட வேண்டிய சாமான். அதனால் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு உங்கள் பற்றரியைப் போட்டு, பத்து நிமிடம் பாட விடுங்கள்.

பாடவில்லை என்றால் இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, பற்றரி அறை. சுருள் கம்பியிலும் தகட்டிலும் வெள்ளைப் பூவோ பச்சைப் பூவோ பூத்திருந்தால் பழைய பற்றரி கசிந்திருக்கிறது. மேலோட்டமாக இருந்தால் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் உரசினால் சரிவரும். சுருள் கம்பி தொட்டதும் உடைந்தால் விட்டுவிடுங்கள்.

மற்றது, வயர் சொருகுகிற துளை. நான் விழுந்த இடம் இதுதான். இந்தத் துளைக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பிளக் உள்ளே போகும்போது அந்தத் தகடு தள்ளப்பட்டு, பற்றரியின் இணைப்பு அறுந்துவிடும். இரண்டு பக்கத்துக் கரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பிளக்கை எடுத்ததும் தகடு திரும்பி வந்து பற்றரியைத் தொட வேண்டும். வருடக்கணக்காக வயர் சொருகியே கிடந்த றேடியோவில் அது திரும்பி வராது. வளைந்தோ கறள் பிடித்தோ அப்படியே நின்றுவிடும். பற்றரி எவ்வளவு புதிதாக இருந்தாலும் றேடியோவுக்கு அது தெரியாது.

என் றேடியோவைத் திருத்துகிற அண்ணன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பிளக்கைச் சொருகிச் சொருகி இருபது முப்பது தடவை எடுத்தார். நடுவில் ஒருதடவை பாடி நின்றது. உடனே சிரித்துக்கொண்டே பின்மூடியைத் திறந்து, கூர்முனைக் குறட்டால் அந்தத் தகட்டை ஒரு நூல் அளவு உள்ளே வளைத்தார். பாடியது. கூலியாகத் தேத்தண்ணிக் காசுதான் எடுத்தார். ஆகவே கடையில் றேடியோ பற்றரியில் பாடாவிட்டால் முதலில் பிளக்கைச் சொருகிச் சொருகி எடுத்துப் பாருங்கள். ஒரு கணம் பாடினாலும் போதும், நோய் அதுதான். விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். நீங்களே திறக்கப் போனால் வயரைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டுத் திறவுங்கள்.

*பின்னால் சேர்த்தது:* இதை வாசித்துவிட்டுக் கல்முனையிலிருந்து ஒருவர், ஜப்பான் சாமான் கடையில் வாங்கிய றேடியோவை வீட்டில் சொருகியதும் புகை வந்தது என்று எழுதியிருந்தார். நான் மேலே சொன்ன பொறி இதுதான், அங்கேயே விரித்து எழுதியிருக்க வேண்டும். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நேரே சொருகக் கூடாது. பற்றரியில் பாவிப்பதற்கு அது தடை இல்லை. ஆனால் இன்னொரு சிக்கல் உண்டு. ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76இல் தொடங்குகிறது, பழைய றேடியோக்களில் 90இலேயே முடிந்துவிடும். நம் நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில் இருக்கின்றன. அந்த றேடியோவில் முள் ஓடி முடிகிற இடத்தில்தான் நமக்குத் தொடக்கமே. முன்பக்க எண்களைப் பாருங்கள்; 108 வரை இல்லாவிட்டால் எவ்வளவு அழகான சாமானானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொருவர் கைப்பிடியைச் சுற்றினால் எரிகிற டோர்ச்சும் றேடியோவும் ஒன்றாக இருக்கிற சாமானைப் பற்றிக் கேட்டிருந்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கிற சிறிய சார்ஜ் பற்றரி சில வருடத்தில் செத்துவிடும். பிறகு சுற்றிக்கொண்டே இருந்தால் எரியும், கையை எடுத்தால் அணையும். ஒரு நிமிடம் சுற்றிவிட்டு நிறுத்தி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் நிறுத்தாமல் சுற்றிக் காட்டினால் விசயம் விளங்கிவிடும்.

4. அரிக்கன் லாம்பு

டோர்ச் வாங்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிக்கன் லாம்பு வேறு கதை. அம்மாவுக்கு 1978 சூறாவளி நினைவிருக்கிறது. நவம்பர் 23 இரவு, அவருக்கு ஒன்பது வயது. கூரை போன பிறகு ஓடிப்போய்ப் புகுந்த கல்வீட்டில் குப்பி விளக்கு ஒன்றும் நிற்கவில்லையாம், ஒரு அரிக்கன் லாம்பு மட்டும் விடியும்வரை எரிந்ததாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் எனக்கு இதன்மேல் கொஞ்சம் பைத்தியம்.

சிமிலி உடைந்திருந்தால் கவலை இல்லை, புதிது வாங்கலாம். திரியும் வாங்கலாம். எண்ணெய்த் தாங்கிதான் முக்கியம். கையில் எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே சரசர என்று சத்தம் கேட்டால் கறள் உதிர்கிறது. பிறகு கொண்டுபோன மண்ணெண்ணெயை ஊற்றி, பத்திரிகையில் வைத்துவிட்டு வேறு சாமான் பாருங்கள். பத்து நிமிடத்தில் தாளில் வட்டம் விழுந்தால் அடிப்பொருத்தில் கசிவு. ஈயம் வைக்கலாம் என்பார்கள். வைக்க வேண்டாம், வேறு லாம்பு பாருங்கள். கடைசியாகத் திரி ஏற்றும் குமிழைத் திருகிப் பாருங்கள், பல் தேய்ந்திருந்தால் திரி ஏறாது.

லாம்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் பூட்டிய அறைக்குள் எரியக் கூடாது. மழை என்று எல்லா யன்னலையும் சாத்திவிட்டு எரித்தால் மணமே இல்லாத நச்சுவாயு சேரும். ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும். படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

5. தண்ணீர்க் கேன்

இதில் நான் மிகவும் கறார். படுவான்கரைப் பக்கம் வயல் செய்கிறவர்கள் வீட்டில் மருந்துக் கேன் எவ்வளவு சேரும் என்று தெரியும்தானே. அதைக் கழுவிக் காயவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நெல்லுக்கு அடிக்கிற மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஊறிவிடும், எவ்வளவு கழுவினாலும் போகாது. மணம் இல்லை என்பதால் நம்பிவிடவும் கூடாது. என் விதி இதுதான்: முன்பு என்ன இருந்தது என்று லேபல் சொல்ல வேண்டும், அது சாப்பாட்டுச் சாமானாக இருக்க வேண்டும். சமையல் எண்ணெய்க் கேன் நல்லது. லேபல் உரித்த கேனை இனாமாகத் தந்தாலும் வாங்குவதில்லை.

எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க, ஒரு பிடி பச்சரிசி, சவர்க்காரத் தூள், சூடான தண்ணீர் போட்டு மூடிக் குலுக்குங்கள். மூன்று தடவை போதும். மூடிக்குள் ரப்பர் வாசர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஹார்ட்வெயார் கடையில் பொருத்தமானது கிடைக்கும்.

எவ்வளவு தேவை? குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 4 லீற்றர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லீற்றர். 20 லீற்றர்க் கேன் இரண்டும் 10 லீற்றர்க் கேன் ஒன்றும் வாங்கினால் கணக்குச் சரி. ஆனால் 20 லீற்றர் 20 கிலோ! இடுப்பளவு தண்ணீரில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. வீட்டை விட்டு எழும்ப வேண்டி வரலாம் என்று நினைப்பவர்கள் 5 லீற்றர்க் கேன்களாக வாங்குங்கள். கிணற்றுக்குள் வெள்ளம் போயிருந்தால், சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள்.

6. படங்கு, கயிறு

படங்கை வெயிலில் விரித்து, அடியில் நின்று மேலே பாருங்கள். ஊசித்துளை எல்லாம் நட்சத்திரம் போல் தெரியும். மடிப்பில் நகத்தால் கீறினால் தூள் வந்தால் வெயில் தின்ற படங்கு, காற்றில் ஒரு இரவு தாங்காது. கயிற்றின் முறுக்கைப் பிரித்து உள்ளே பாருங்கள். வெளியே வெளுத்திருந்தாலும் உள்ளே நிறம் இருந்தால் நல்லது. மீன்பிடிக் கயிறு கிடைத்தால் விடாதீர்கள்.

7. பத்திரப் பரல்

பலர் மறப்பது இது. வளையம் போட்டு மூடி பூட்டுகிற சிறிய நீலப் பரல் ஒன்று தேடுங்கள். காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள் போகும். 2004 டிசம்பர் 26இல் எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் உயிர் தப்பியது. காகிதம் ஒன்றும் தப்பவில்லை. திரும்ப எடுக்க அவர்கள் வருடக்கணக்காக அலைந்ததைப் பார்த்தவன் நான்.

சோதனை எளிது. உள்ளே பத்திரிகைத் தாள் போட்டுப் பூட்டி, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, மேலே கல் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். தாள் காய்ந்திருந்தால் பரல் சரி. நான் மூடியின் உள்பக்கம் பெயின்டால் 117 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். பக்கத்தில் எங்கள் கிராம சேவகரின் இலக்கம்.

8. பழையதில் வாங்கவே கூடாதவை

காஸ் ரெகுலேற்றரும் அதன் குழாயும். மருந்து மாத்திரை. வயிறு ஊதின பவர்பேங்க். அமுக்கினால் தண்ணீர் கக்குகிற லைஃப் ஜக்கெட்.

முச்சக்கரவண்டிப் பற்றரியைப் பழையதாக வாங்கி லைட் எரிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் மீற்றரில் 12.6 காட்டுகிறது என்பதற்காக வாங்காதீர்கள். 12 வோல்ட் சிக்னல் பல்ப் ஒன்றைக் கொடுத்துக் கால் மணித்தியாலம் எரியவிட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே அளவெடுங்கள். 12க்குக் கீழே இறங்கினால் அது கிழடு.

*கடைசியாகச் சேர்த்தது (புரட்டாதி):* போன கிழமை அலுமாரிக்கு மேலிருந்த றேடியோவை எடுத்துப் பார்த்தேன். பற்றரி உள்ளேயே இருந்து, ஒன்று கசியத் தொடங்கியிருந்தது. இவ்வளவும் எழுதிய நான்தான் கழற்ற மறந்தேன்! தேசிக்காயோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டித் துடைத்தேன், பாடுகிறது. இப்போது பற்றரி நான்கையும் ரப்பர் பாண்டால் கட்டி றேடியோவின் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “தாயத்துக் கட்டினாப்போல இருக்கு” என்கிறார்.