பட்டறைக்காரர்கள் பிரிமோ லெவியை எங்கே தொடங்குவது?

கோவை, திருப்பூர் பக்கம் யாராவது பிரிமோ லெவியைப் படிக்கணும் என்று கேட்டால் எல்லோரும் முதலில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவர் கைதியாக இருந்ததைச் சொல்லும் நூலைத்தான் நீட்டுவார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். லெவி அடிப்படையில் ஒரு கெமிஸ்ட், 1919இல் இத்தாலியின் டூரினில் பிறந்தவர், முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய பிறகு அந்த ஊர்ப் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் சுமார் 30 வருஷம் வேலை பார்த்துக்கொண்டேதான் இத்தனையும் எழுதினார். வேலை தெரிந்த மனுஷன். நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த வாசல்தான் சுலபம்.

அதனால் முதலில் 1975இல் வந்த 'தி பீரியாடிக் டேபிள்'. மொத்தம் 21 அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். வரிசைப்படி போக வேண்டாம், முதல் அத்தியாயம் முழுக்க முன்னோர் கதை. நேராக 'குரோமியம்' எடுங்கள்.

அதில் ஏரிக்கரைத் தொழிற்சாலை ஒன்றில் டப்பா டப்பாவாகப் பெயின்ட் ஈரல் மாதிரி உறைந்து கிடக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்லி லெவியிடம் கொடுக்கிறார்கள். பழைய சோதனைக் கார்டுகளைப் புரட்டினால், சோதனை ரசாயனம் '2 அல்லது 3 துளி' என்று இருக்க வேண்டியது எவனோ எடுத்தெழுதும்போது '23 துளி' ஆகியிருக்கிறது. மோசமான சரக்கெல்லாம் அதனால் பாஸாகிவிட்டது! அம்மோனியம் குளோரைடு கலந்து சரிசெய்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் போய் வருஷக்கணக்கான பிறகும், தேவையே இல்லாமல், ஏன் என்றே தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாயப்பட்டறையில் ரெசிபி பார்த்துக் கலர் போட்டவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

முகாம் நூலை அவர் எழுதிக்கொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான், அதுவும் அந்த அத்தியாயத்திலேயே வருகிறது. அதனால் இதை முடித்த சூட்டோடு அதற்குப் போங்கள். 1947இல் ஒரு சின்னப் பதிப்பகம் 2,500 பிரதி போட்டது, பெரிய பதிப்பகம் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அப்புறம் 'தி ரெஞ்ச்'. கிரேன், பாலம் எல்லாம் ஏற்றி நிறுத்துகிற ஃபசோனே ஊர் ஊராகப் பார்த்த வேலைகளைச் சொல்லிக்கொண்டே போகிறான், இந்தியாவில் ஒரு தொங்குபாலமும் உண்டு. கணபதியில் லேத் ஓட்டுகிறவர் டீக்கடையில் பேசுகிற பேச்சுதான். 1979இல் இத்தாலியின் ஸ்ட்ரேகா இலக்கியப் பரிசு வாங்கிய நாவல், எனக்கு அவர் எழுதியதிலேயே இதுதான் பிடிக்கும்.

வாங்கும்போது மட்டும் கவனம். உக்கடம் பழைய புத்தகக் கடையிலோ ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ கிடைத்தால், 'இஃப் திஸ் இஸ் எ மேன்', 'சர்வைவல் இன் ஆஷ்விட்ஸ்' இரண்டும் அந்த முகாம் நூல்தான், பிரிட்டன் பெயர் ஒன்று, அமெரிக்கப் பெயர் ஒன்று. இரண்டுக்கும் காசு கொடுக்காதீங்க.