வேலைதான் போச்சு, பெட்டியுமா? யாட்டிலிருந்து இறக்கிவிடும்போது செய்யக் கூடாதவை

கரையில் வேலை போனால் மேசை டிராயரைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். யாட் என்கிற சொகுசுப் படகில் வேலை போனால் அந்த நிமிடமே வீடும் போய்விடும். படுக்கும் பங்க், துவைக்கப் போட்ட துணி, பாஸ்போர்ட், மாத்திரை டப்பா என்று நம் பிழைப்பு மொத்தமும் நேற்றுவரை முதலாளியாக இருந்தவரின் படகுக்குள் கிடக்கும். நாம் கரையில் நிற்போம். நடுவில் பாசரெல் என்கிற அந்த ஒற்றைப் பலகை. அதில் கால் வைக்க இனி அனுமதி கேட்க வேண்டும்.

என் கதையையே சொல்கிறேன். பிரான்ஸின் தென்கரையில் ஆன்டீப், போர் வொபான் துறைமுகம். பெரிய யாட்டுகள் கட்டியிருக்கும் பக்கத்தைக் கோடீஸ்வரர் துறை என்றே சொல்வார்கள். அங்கே ஒரு படகில் சமையல்காரனாக இருந்தேன். செப்டம்பர் கடைசி, மத்தியதரைக்கடல் சீசன் முடிகிற நேரம். மதியப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனைக் கேப்டன் கூப்பிட்டு, ஓனருக்கு என் சமையல் ஒத்துவரவில்லை, இன்றே இறங்கிவிடு என்றார். எனக்கு வந்த கோபத்தில் இருபதே நிமிடத்தில் ஒரு பையோடு இறங்கிவிட்டேன். ரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியில்தான் கத்திகள் ஞாபகம் வந்தன. பழுப்புக் கான்வாஸ் உறையில் ஏழு கத்திகள், சமையலறையின் இரண்டாவது டிராயரில். திரும்பிப் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்றாம் நாள் படகு ஸ்பெயினின் பால்மாவுக்குக் கிளம்பிவிட்டது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பாட்டி சொல்வாள். யாட்டில் அதை அறையறையாகப் பிரித்துக் காட்டலாம். கேபினை மட்டும் காலி செய்துவிட்டு எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைப்பதுதான் முதல் தவறு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்கிற சர்வதேச ஒப்பந்தம், க்ரூவில், அதாவது படகின் பணியாளர்களில், ஒவ்வொருவருக்கும் குறைந்தது 475 லிட்டர் அலமாரியும் 56 லிட்டர் டிராயரும் தர வேண்டும் என்கிறது. அவ்வளவு கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மறந்துபோகிற சாமான் எதுவும் அந்த அலமாரியில் இருப்பதில்லை. பாதித் துணி துவைக்கும் அறையில் மற்றவர்களுடையதோடு கலந்து கிடக்கும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து க்ரூ மெஸ்ஸில் இருக்கும். டெக்ஹேண்ட் என்கிற மேல்தளப் பணியாளின் பல்நோக்குக் கத்தியும் கறுப்புக் கண்ணாடியும் கரைக்குப் போய்வரும் டெண்டர் படகில், இன்ஜினியரின் சொந்த ஸ்பேனர்கள் இன்ஜின் அறையில், ஹெட்போன் பொதுச் சார்ஜர் பலகையில் இருக்கும். "இறங்குகிறேன், ஒரு மணி நேரம் கொடுங்கள், கூடவே ஒருவரை அனுப்புங்கள்" என்று கேட்டால் பெரும்பாலான கேப்டன்கள் மறுக்க மாட்டார்கள். கூட வருகிறவர் நம்மைக் காவல் காக்க வருகிறார் என்று முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். நாளைக்கு ஏதாவது காணோம் என்று பேச்சு வந்தால் நமக்குச் சாட்சி அவர்தான். எடுத்ததையும் காலியான அலமாரியையும் போனில் படம் பிடியுங்கள். ஓனர் இருக்கும் பகுதிகள் மட்டும் படத்தில் விழ வேண்டாம். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம்.

அடுத்தது காகிதங்கள். துறைமுக நடைமுறைகளுக்காக க்ரூவின் பாஸ்போர்ட்டுகளைக் கேப்டன் தன் பெட்டகத்தில் வைத்திருப்பது வழக்கம். பெரும்பாலும் சீமேன் புக், மருத்துவத் தகுதிச் சான்று, எஸ்.டி.சி.டபிள்யூ. என்கிற கடற்பணிப் பயிற்சிச் சான்றின் அசல் எல்லாம் அதிலேயே இருக்கும். துணி போனால் வாங்கிக்கொள்ளலாம், இவை போனால் அடுத்த வேலையே இல்லை. எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். "கணக்கு முடியட்டும், அப்புறம் பாஸ்போர்ட் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. அதைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் அதிகாரம் கிடையாது. தரவில்லையென்றால் அருகிலுள்ள துணைத் தூதரகத்துக்கும் உள்ளூர் போலீஸுக்கும் அன்றே சொல்லிவிடலாம்.

அந்தப் படகில் எவ்வளவு நாள், என்ன பதவியில் இருந்தோம் என்ற பணிப் பதிவும் அப்படித்தான், கேட்டு வாங்க வேண்டியது. பலர் பயந்துகொண்டு இதைக் கேட்பதில்லை, கேப்டன் ஏதாவது தாறுமாறாக எழுதிவிடுவாரோ என்று. உடன்படிக்கைப்படி அந்தப் பதிவில் வேலையின் தரத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பரிந்துரைக் கடிதம் வேறு சமாச்சாரம், அதற்காக இன்றைக்குச் சண்டை போட வேண்டாம்.

இறங்கும் நேரத்தில் நீட்டப்படும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அடுத்த தவறு. "என் உடைமைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி அதில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். எல்லாம் வாங்கியிருந்தால்கூட இரண்டாம் பாதிக்கு யோசிக்க வேண்டும். வாங்காமலிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, எது எது இன்னும் படகில் இருக்கிறது என்று பேனாவால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாமான் படகில் தங்கிவிட்டது. இனி என்ன? நான் செய்த பெரிய தவறு இங்கேதான். அன்றிரவே இரண்டு பக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன். நோட்டீஸ் காலச் சம்பளம், ஓவர்டைம், கேப்டனின் குணநலன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசி வரியில் கத்திகளையும் கேட்டிருந்தேன். கேப்டன் அதை அப்படியே நிர்வாக நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டார், அவர்கள் வக்கீலுக்குத் தள்ளினார்கள். அதன்பிறகு கத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசினால் சம்பள வழக்கில் வாயைக் கொடுத்தது போல ஆகிவிடும் அல்லவா? சம்பளத்துக்கு ஒரு கடிதம், சாமானுக்கு ஒரு கடிதம் என்று பிரித்திருந்தால் தலைமை ஸ்டூவர்டஸ் மறுநாளே உறையைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

இன்று எழுதுவதென்றால் இவ்வளவுதான் எழுதுவேன்: "24ஆம் தேதி படகிலிருந்து இறங்கினேன். சமையலறை இரண்டாவது டிராயரில் பழுப்புக் கான்வாஸ் உறையில் என் 7 கத்திகளும், துணி துவைக்கும் அறையில் என் பெயர் எழுதிய 4 சட்டைகளும் உள்ளன. எடுத்துப் பத்திரமாக வைத்தபின் பதில் தாருங்கள். வெள்ளி காலை 10 மணிக்கு மரினா அலுவலகத்தில் வாங்கிக்கொள்கிறேன். வசதிப்படாவிட்டால் கீழே உள்ள முகவரிக்கு அனுப்புங்கள்." திட்டும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. எங்கே, எத்தனை, என்ன நிறம் என்பது மட்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் கோட்டை விடுவார்கள். படகில் பார்த்த ஓனர் சட்டப்படி நம் முதலாளியாக இல்லாமல் இருக்கலாம். பணி ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எங்கோ ஒரு தீவில் பதிவான நிறுவனத்தின் பெயர் இருக்கும். கையெழுத்தான அசல் ஒப்பந்தம் ஒன்று நம் கையில் இருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. அதை எடுத்துப் பாருங்கள். கேப்டனுக்கும் அந்த நிறுவனத்துக்கும் படகை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் போடுங்கள். வாடகைக்கு ஓடும் பெரிய யாட்டாக இருந்தால் டி.பி.ஏ. என்று கரையில் ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவருடைய எண்ணை க்ரூ மெஸ் சுவரில் ஒட்டியிருப்பார்கள். இறங்கும் முன் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் புண்ணியம்.

இரவோடு இரவாகப் பாசரெல் ஏறி எடுத்துவந்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். இறக்கப்பட்ட நிமிடத்திலிருந்து நாம் வெளியாள். பெரிய யாட்டுகளில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று பதிவு வைத்திருப்பார்கள், கேமராவும் இருக்கும். நம் சட்டையை நாமே எடுத்தாலும் புகார் வேறு மாதிரி எழுதப்படும். நண்பனிடம் ரகசியமாக எடுத்துவரச் சொல்வதும் சரியல்ல, அவன் வேலைக்கும் உலை வைத்துவிடுவோம். கேப்டனிடம் சொல்லிவிட்டு அவன் கொண்டுவந்தால் ஒரு வம்பும் இல்லை. அதேபோல வாக்கி டாக்கி, சாவி, யூனிஃபார்ம் என்று படகின் பொருள் நம் பையில் வந்திருந்தால் முதலில் அதைத் திருப்பிவிடுங்கள். "நீ அதைக் கொடு, நான் இதைக் கொடுக்கிறேன்" என்று பேரம் தொடங்கினால் நம் கையும் கறையாகிவிடும்.

2013இல் அமலுக்கு வந்த அந்த 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று நினைத்துவிட வேண்டாம். வர்த்தக நோக்கில் ஓடும் கப்பல்களுக்குத்தான் அது பொருந்தும். ஓனர் குடும்பம் மட்டும் பயன்படுத்தும் தனியார் யாட் அதற்கு வெளியே. அங்கே ஒப்பந்தமும் கொடி நாட்டின், அதாவது படகு பதிவான நாட்டின், சட்டமும்தான் பேசும். பொருந்துகிற படகாக இருந்தால், நீக்கப்பட்டவரை ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது. அதோடு 30 கிலோ சாமானும் போய்ச்சேர வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. கடுமையான பணித் தவறு நிரூபணமானால் அந்தச் செலவை நம்மிடம் திரும்பக் கேட்கலாம். சாமானைத் தராமலிருக்க அது காரணமாகாது. பதில் வராவிட்டால் கேமன் தீவுகளோ மால்டாவோ, படகு எந்தக் கொடியில் ஓடுகிறதோ அந்நாட்டுக் கப்பல் பதிவகத்துக்கு எழுதலாம். பிரான்ஸ், ஸ்பெயின் போல உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டுத் துறைமுகத்தில் படகு நின்றால் அங்குள்ள ஆய்வு அதிகாரியிடமும் புகார் செய்யலாம். அமெரிக்கா இதில் சேரவில்லை, ஃபோர்ட் லாடர்டேலில் மாட்டிக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆலோசனைக்கு நாட்டிலஸ் இன்டர்நேஷனல் தொழிற்சங்கம் உண்டு. இஸ்வான் என்ற நல அமைப்பு நடத்தும் யாட் க்ரூ ஹெல்ப் உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

இதற்கெல்லாம் நாள் அதிகமில்லை. படகு நகர்ந்துகொண்டே இருக்கும். இலையுதிர் காலத்தில் மத்தியதரைக்கடலில் விட்ட பை, டிசம்பரில் கரீபியனில் இருக்கும். நம் பக்கம் விசாவும் ஓடும். படகிலிருந்து இறங்கியதாக எல்லையில் பதிவானால், ஷெங்கன் என்கிற ஐரோப்பியப் பொது விசாப் பகுதியில் தங்கக்கூடிய நாட்களின் கணக்கு தொடங்கிவிடும். சாமானுக்காக ஆன்டீப்பில் மாதக்கணக்கில் அறை எடுத்துக் காத்திருக்க முடியாது. நேரில் வாங்க முடியாதென்று தெரிந்தால் உடனே கூரியர் பேச்சுக்குப் போய்விடுங்கள். பவர் பேங்கைப் பெட்டியில் போடாமல் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது இருந்தாலே பார்சல் நின்றுவிடும். சுங்கப் படிவத்தில் "பயன்படுத்திய சொந்த உடைமைகள், விற்பனைக்கு அல்ல" என்று எழுதி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்லுங்கள். கத்திகளை யாராவது விமானத்தில் கொண்டுவருவதானால் செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும், கைப்பையில் வந்தால் பாதுகாப்புச் சோதனையோடு சரி.

என் கத்திகள் பிப்ரவரியில் கரீபியனின் ஆன்டிகுவாவிலிருந்து ஒரு காலணிப் பெட்டியில் வந்தன. கூரியர் பணம் என்னுடையது. உறையைப் பிரித்தபோது ஆறுதான் இருந்தன, காய்கறி சீவும் சின்னக் கத்தியைக் காணோம். கேட்டு எழுதினேன். ஏழு இருந்ததற்குப் படம் ஏதாவது இருக்கிறதா என்று மறுநாளே பதில் வந்தது.