சிறிய சிஎன்சி எந்திரத்துக்கு மோட்டார் டிரைவர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பட்டறையில் மரமும் அலுமினியமும் செதுக்குவதற்கு ஒரு கேன்ட்ரி வகை (இருபுறமும் தாங்கிய பாலம் போன்ற சட்டம் நகரும்) சிஎன்சி எந்திரம், அதாவது கணினி வழிநடத்தும் வெட்டும் எந்திரம், கட்டத் தொடங்குபவர் பெரும்பாலும் மோட்டாரைத்தான் முதலில் வாங்குகிறார். அதுவும் அசையாமல் நிற்கும்போது எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்ற ஒரே எண்ணைப் பார்த்து வாங்குகிறார். மிஞ்சிய பணத்துக்கு, மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார். பழைய கணினியிலிருந்து கழற்றிய பவர் சப்ளையே போதும் என்றும் நினைத்துவிடுகிறார். மோட்டார், டிரைவர், பவர் சப்ளை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் கட்டுண்டவை என்பதால், இந்த வரிசையே முதல் தவறு. கணக்கு பிடிபடுவதற்காக ஓர் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம்: நேமா 23 என்ற அளவிலான, படிப்படியாகச் சுழலும் 2.8 ஆம்பியர் ஸ்டெப்பர் மோட்டார்கள் நான்கு, ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும் திருகு), எந்திரத்தை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏற்றிய ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகை.

முப்பரிமாண அச்சுப்பொறிகளில் பயன்படும் விரல் நுனி அளவுள்ள டிரைவர்களை இங்கே பொருத்த முயல வேண்டாம். ஏ4988 சில்லின் உச்ச வரம்பு 2 ஆம்பியர். டிஆர்வி8825 சில்லுக்கு 2.5 ஆம்பியர், அந்த அளவுகளையும் நல்ல ஹீட் சிங்க்கும் விசிறியும் இருந்தால் மட்டுமே நெருங்கலாம். ஓசையின்றி இயங்கும் டிஎம்சி2209 சில்லோ 29 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அளவில் சிறிய நேமா 17 மோட்டாருக்கு இவை அருமையானவை, 2.8 ஆம்பியர் மோட்டாருக்குப் போதா.

அடுத்து வருவது டிபி6600 என்று அச்சிட்ட பெட்டி. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைப்பதால் பலரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். டிபி6600 என்பது தோஷிபா நிறுவனம் வடிவமைத்த ஒரு சில்லின் பெயர். ஆனால் அப்பெயரைத் தாங்கிவரும் சிறிய பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது வேறொரு சில்லாக இருக்கும். பெட்டியின் மேல் 4 ஆம்பியர், 42 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்பி முழு அளவுக்கும் ஏற்றினால், கோடை நாளில் மூடிய பெட்டிக்குள் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. 2 ஆம்பியர் அளவிலும் 24 வோல்ட்டிலும் மெதுவாக ஓடும் எந்திரத்துக்கு இது போதும் என்பதை மறுக்கவில்லை. நம் எந்திரத்துக்கு டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவரையே நான் பரிந்துரைப்பேன். விலை சற்றே கூடினாலும், நடுத்தர வேகத்தில் மோட்டார் அதிர்ந்து படிகளைத் தவறவிடுவதை அது பெருமளவு அடக்குகிறது.

டிரைவரின் பக்கவாட்டில் அச்சிட்ட மின்னோட்ட அட்டவணையைப் படிப்பதிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. டிஎம்542 அட்டவணையில் உச்ச மதிப்பு ஒரு பத்தியிலும் ஆர்எம்எஸ் (மாறும் மின்னோட்டத்தின் பயனுறு சராசரி) மதிப்பு இன்னொரு பத்தியிலும் இருக்கும்; முதலாவது இரண்டாவதைவிட 1.4 மடங்கு பெரியது. ஆகவே 4.2 ஆம்பியர் டிரைவர் என்று விளம்பரப்படுத்தப்படுவது உண்மையில் 3 ஆம்பியர் ஆர்எம்எஸ் தருவது. நம் மோட்டாருக்கு 3.76 உச்சம், அதாவது 2.69 ஆர்எம்எஸ் என்ற வரிசையிலிருந்து தொடங்கி, மோட்டார் மிகச் சூடானால் ஒரு வரிசை இறக்கலாம். வெளிக்கூடு 60 பாகை செல்சியஸ் வரை சூடாவது இயல்புதான். அதைக் கண்டு அஞ்சி மின்னோட்டத்தைப் பாதியாக்க வேண்டாம்.

மின்னழுத்தத்தைத் தேர்வதில் சற்று நின்று கணக்குப் போடுவது நல்லது. மோட்டாரின் தாளில் 3 வோல்ட் அளவில் ஏதோ ஒரு மதிப்பு போட்டிருக்க, 36 வோல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். சுருளின் இண்டக்டன்ஸ் மின்னோட்டம் சட்டென்று ஏறுவதைத் தடுக்கிறது என்பதே காரணம். நிமிடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும்போது ஸ்க்ரூ நொடிக்கு 10 சுற்றுகள் சுழல்கிறது. சுற்றுக்கு 200 முழுப்படிகள் என்பதால், ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் 0.5 மில்லிநொடி மட்டுமே. இண்டக்டன்ஸ் 2.5 மில்லிஹென்றி உள்ள சுருளில் 2.8 ஆம்பியர் ஏற 24 வோல்ட்டில் ஏறக்குறைய 0.29 மில்லிநொடியும், 36 வோல்ட்டில் 0.19 மில்லிநொடியும் ஆகும். முறுக்குவிசை மிகுதி என்று ஆசைப்பட்டு 6.8 மில்லிஹென்றி மோட்டாரை வாங்கியிருந்தால், 24 வோல்ட்டில் 0.8 மில்லிநொடி தேவைப்படும். அதற்குள் அந்தப் படியின் நேரமே கடந்துவிடும். நிற்கும்போது அசைக்க முடியாத மோட்டார் ஓடும்போது வலுவிழப்பது இதனால்தான். ஆகவே மோட்டார் வாங்கும்போது இண்டக்டன்ஸ் குறைந்ததைத் தேடுங்கள்.

அதற்காக டிஎம்542 டிரைவருக்கு 48 வோல்ட் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அதன் வரம்பு 50 வோல்ட். கனமான கேன்ட்ரி சட்டென்று வேகம் குறையும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திருப்பி அனுப்புவதால், அந்த 2 வோல்ட் இடைவெளி நொடியில் தீர்ந்துவிடும். 36 வோல்ட்டே பாதுகாப்பானது. நான்கு மோட்டார்களின் மின்னோட்டத்தை அப்படியே கூட்டி 11 ஆம்பியர் சப்ளை வாங்க வேண்டியதும் இல்லை. டிரைவர் மின்னோட்டத்தை நறுக்கிக் கொடுப்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 7.5 ஆம்பியர் அளவே போதும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 36 வோல்ட், 350 வாட் சப்ளை இதற்குத் தாராளம்.

மைக்ரோஸ்டெப்பை, அதாவது ஒரு முழுப்படியை டிரைவர் பிரிக்கும் பிரிவுகளின் எண்ணிக்கையை, கூட்டினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. 16 பிரிவுகளில் ஒரு மைக்ரோஸ்டெப் அளவு விலகலுக்கு மோட்டார் காட்டும் எதிர்விசை அதன் முழு முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்குதான். உராய்வே அதை விழுங்கிவிடக்கூடும். அதோடு, ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு ஒரு துடிப்பைப் பலகை அனுப்ப வேண்டும்; 16 பிரிவுகள் என்றால் மில்லிமீட்டருக்கு 640 துடிப்புகள். மேற்சொன்ன வேகத்தில் நொடிக்கு 32,000 துடிப்புகள் தேவை. ஊனோ பலகையில் ஜிஆர்பிஎல் ஏறத்தாழ 30,000 வரைதான் அனுப்பும். 8 பிரிவுகளில் 16,000 போதும். ஓட்டமும் மென்மையாகவே இருக்கும்.

ஊனோவை விட்டு இஎஸ்பி32 என்ற வேறொரு கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது, அதன் வெளியீடு 3.3 வோல்ட் என்பதை. டிரைவரின் உள்ளீட்டிலிருக்கும் ஒளிப்பிணைப்பி (சைகையை ஒளி வழியே கடத்தும் பாகம்) 5 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டது; குறைந்த மின்னழுத்தத்தில் அது சில துடிப்புகளை ஏற்கும், சிலவற்றைத் தவறவிடும். இடையில் 5 வோல்ட்டில் இயங்கி, சைகையை அந்த அளவுக்கு உயர்த்தும் ஒரு 74எச்சிடி245 சில்லை வைத்தால் தீர்ந்தது.

கேன்ட்ரியின் இருபுறமும் மோட்டார் இருக்கும்போது, இரண்டையும் ஒரே டிரைவரில் இணைத்துப் பணம் மிச்சப்படுத்துவதும் பொய்யான சிக்கனமே. மின்னோட்டம் இரண்டுக்கும் பங்கிடப்பட்டு, ஒருபுறம் பின்தங்கினால் கேன்ட்ரி கோணலாகச் சிக்கிக்கொள்ளும். தனித்தனி டிரைவர்களும் அச்சின் தொடக்க இடத்தைக் காட்டும் தனித்தனி ஹோமிங் சுவிட்சுகளும் வையுங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் கம்பியைக் கழற்றினால் டிரைவர் எரிந்துபோகலாம் என்பதையும் பட்டறையில் உதவிக்கு வருபவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும், நீண்ட வேலையின் முடிவில் கருவி ஒரே பக்கமாக விலகி நிற்பதுண்டு. என் எந்திரத்தில் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. திசைக்குறிப்பு, துடிப்புக்குக் குறைந்தது 5 மைக்ரோநொடி முன்னதாக டிரைவரை அடைய வேண்டும். ஜிஆர்பிஎல் இயல்பாக இரண்டையும் அடுத்தடுத்து உடனே அனுப்புகிறது. ஒளிப்பிணைப்பி அணைவதற்கு எரிவதைவிட அதிக நேரம் எடுப்பதால், திசை மாறும் இரு முறைகளில் ஒன்றில் மட்டும் முதல் படி தவறான பக்கம் விழுந்து, 2 மைக்ரோஸ்டெப் பிழை உண்டாகிறது. 8 பிரிவுகளில் அது 0.006 மில்லிமீட்டர், 200 முறை போய் வந்தால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஜிஆர்பிஎல் அமைப்புக் கோப்பில் துடிப்பைத் தாமதப்படுத்தும் வரியை இயக்கி மறுபடி ஏற்றினால் இது நிற்கும். ஐயம் இருந்தால் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, எதையும் வெட்டாமல் அச்சை 200 முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கியும் விலகல் அதே அளவு இருந்தால் குறை துடிப்பின் நேரத்தில் இருக்கிறது, விலகல் மறைந்துவிட்டால் முறுக்குவிசை போதவில்லை.