விராலா, பூவிராலா, குறவையா? எண்ணிப் பார்த்து இனம் பிரிக்கும் முறை

விரால், பூவிரால், குறவை, மானக்குறவை நான்கும் சன்னா என்ற ஒரே பேரினத்து வேட்டை மீன்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இவற்றை நிறம் பார்த்துப் பிரிக்கப் போய்த்தான் ஏமாறுகிறார்கள். கலங்கல் நீரில் கிடந்த மீன் வெளிறியும், பாசி மண்டிய குளத்து மீன் கருத்தும் இருக்கும். செத்த மீனில் பட்டைகளே மங்கிவிடும். பெயரும் ஊருக்கு ஊர் மாறும். பூவிராலையே சில இடங்களில் அவிரி என்பார்கள். செதில் எண்ணிக்கையும் துடுப்புக் கதிர் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய கம்பி) எண்ணிக்கையும் அப்படியல்ல. குஞ்சுப் பருவத்திலேயே நிலைத்துவிடும், மீன் வளர்ந்தாலும் மாறாது.

நனைத்த துணி, பல்குத்தும் குச்சி, அளவுகோல், உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இவை காற்றையும் சுவாசிப்பவை என்பதால் ஈரத்துணியில் கிடத்திச் சில நிமிடம் நிதானமாக எண்ணலாம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் மேல்தோலின் வழுவழுப்பு உரிந்து, விட்டபின் புண் வைக்கும். வாய்க்குள் விரல் விட வேண்டாம், பல் கிழித்துவிடும்.

படி 1: சன்னாதானா?
தலைமேல் பாம்புக்கு இருப்பதுபோல் பெரிய தட்டையான செதில்கள், முள்ளே இல்லாத ஒரே நீண்ட முதுகுத்துடுப்பு, அடியிலும் நீளமான துடுப்பு, வட்டமான வால். எல்லாம் இருந்தால் மேலே போகலாம்.

படி 2: பக்கக்கோட்டுச் செதில்
பக்கக்கோடு என்பது உடலின் பக்கவாட்டில் துளையுள்ள செதில்கள் வரிசையாக அமைந்த கோடு. பெரும்பாலான குழப்பம் இங்கேயே தீரும். செவுள் மூடியின் மேல்மூலைக்குப் பின்னால் தொடங்கி, சிறு துளை உள்ள செதில்களைக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு வால் அடிவரை எண்ணுங்கள். உடலின் முன்பாதியில் இந்தக் கோடு சட்டென்று கீழ் வரிசைக்கு இறங்கும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்: மேல் வரிசையிலேயே நேராகப் போய்விடுவார்கள், அல்லது இறங்கும் இடத்தில் ஒரே செதிலை இருமுறை எண்ணுவார்கள். துளை எங்கே போகிறதோ அங்கே குச்சியும் போக வேண்டும். வால்துடுப்பின் மேல் ஏறியிருக்கும் செதில்கள் கணக்கில் வராது. இரண்டு முறை எண்ணுங்கள்.

குறவைக்கு 37–40, மானக்குறவைக்கு 40–45, விராலுக்கு 50–57, பூவிராலுக்கு 60–70. நூறைத் தாண்டினால் அது இந்த நான்கில் எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவு ஆறுகளில் வாழும் சன்னா டிப்ளோகிராமாவாக இருக்கலாம்.

படி 3: முதுகுத்துடுப்புக் கதிர்
துடுப்பை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கதிர்கள் நுனியில் கிளைக்கும் என்பதால் அடியில் எண்ண வேண்டும். குறவை 29–32, மானக்குறவை 32–37, விரால் 37–46, பூவிரால் 45–55. கிழிந்த துடுப்பானால் இந்த எண்ணை நம்பாமல் செதில் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சிறியவை இரண்டில் எது?
குறவைக்கும் மானக்குறவைக்கும் எண்கள் ஒட்டி வருவதால், செவுளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் மார்புத்துடுப்போடு ஒப்பிட்டு, அடியில் இருக்கும் இணையான வயிற்றுத்துடுப்பை அளக்க வேண்டும். மார்புத்துடுப்பு 20 மி.மீ. என்றால், குறவையின் வயிற்றுத்துடுப்பு ஏறக்குறைய 15 மி.மீ. இருக்கும், மானக்குறவையில் 10 மி.மீ.க்கும் குறைவு. மார்புத்துடுப்பில் வளைவு வளைவாகக் கரும்பட்டைகளும், முதுகு, வால் துடுப்புகளின் ஓரத்தில் ஆரஞ்சுக் கரையும் மானக்குறவைக்கே உரியவை. வயிற்றுத்துடுப்பே இல்லையென்றால் இலங்கையின் சன்னா ஓரியன்டாலிஸை நினைவில் கொள்ளுங்கள்.

படி 5: கண்பொட்டு
பூவிராலின் வால் அடியில், மேல்பக்கமாக, வெளிர் வளையம் சூழ்ந்த கரும்பொட்டு ஒன்று உண்டு. பொட்டைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். விரால் குஞ்சுக்கும் கரும்பொட்டு இருக்கும், ஆனால் அது முதுகுத்துடுப்பின் கடைசிக் கதிர்களில். பொட்டு வால் அடியிலா முதுகுத்துடுப்பிலா என்பதுதான் கேள்வி. முதிர்ந்த பூவிராலில் பொட்டு மங்கிப்போவதும் உண்டு. அப்போது உடலில் சிதறிய முத்துப்போன்ற வெள்ளைப் புள்ளிகளையும் செதில் எண்ணிக்கையையும் பாருங்கள்.

மீனை நீரில் விடுமுன் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: முழுப் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, வால் அடி ஒன்று, விரித்த மார்புத்துடுப்பும் வயிற்றுத்துடுப்பும் சேர்ந்து ஒன்று. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிச் செதில்களை மறுபடி எண்ணலாம்.