மலைநாட்டுச் சவாரிக்கு மின்கியர் பற்றரி

ஸ்ராம் நிறுவனத்தின் ஏஎக்ஸ்எஸ் வகை சைக்கிள் மின்கியரில் பற்றரி, சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெய்லரின் மீதே வெளியில் இருப்பதால், அதைக் கழற்றி வீட்டிலேயே சார்ஜ் செய்யலாம். ஷிமானோ நிறுவனத்தின் டிஐ2 வகையிலோ அது பெரும்பாலும் இருக்கைத் தண்டுக்குள் மறைந்திருக்கும். சைக்கிளைத்தான் மின்செருகிக்கு அருகில் கொண்டுசெல்ல வேண்டும்.

ஏஎக்ஸ்எஸ் பற்றரியைப் பொருத்துமுன் அதன் பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, குழியில் சரியாக அமர்த்தி, கொக்கி ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மூடுபனியிலும் மழையிலும் அரைகுறையாகப் பூட்டிய கொக்கி ஈரத்தை உள்ளே விட்டுவிடும். கழுவும்போதும் பற்றரி பூட்டியபடியே இருக்கட்டும்; ஆனால் சேர்விஸ் நிலையத்து அழுத்தநீரை அதன் பக்கம் திருப்பவே கூடாது.

வளைவுக்கு வளைவு கியர் மாற்றவேண்டிய நம் வீதிகளில், சமவெளியைவிடப் பின் டீரெய்லரின் பற்றரி விரைவில் தீரும். விளக்கு சிவந்தால் முன், பின் பற்றரிகளை இடம் மாற்றுங்கள்; முன் டீரெய்லர் குறைவாகவே உழைப்பதால் அதன் பற்றரியில் பெரும்பாலும் மின் மிச்சமிருக்கும். கைப்பிடி விசைகளுக்கு சீஆர் 2032 நாணயக்கலம் ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது; விசையிலுள்ள கலம் தீர்ந்துவிட்டால் டீரெய்லர் பற்றரி நிறைந்திருந்தும் பயனில்லை.

பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளை ஏற்றும்போது பற்றரியைக் கழற்றி மூடியிடுங்கள்; இல்லையேல் குலுக்கலில் டீரெய்லர் விழித்தபடியே இருந்து மின்னைத் தின்னும். மாதக்கணக்கில் ஓட்டாதிருப்பின், பாதியளவு சார்ஜுடன், அடுப்படிக்கு அப்பால் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.