கலைந்த எழுத்துகளில் சொல் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

க, வ, லை. இந்த மூன்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டு என்னென்ன சொல் வரும் என்று கேட்டுப் பாருங்கள். கவலை, கலவை என்று இரண்டு விடை சொல்பவர்கள் நிறையப் பேர். கலவை தவறு. அதில் இருப்பவை க, ல, வை. நமக்குத் தந்தது லை. அதன் கொம்பைக் கழற்றி வ-வுக்கு மாட்டினால்தான் கலவை கிடைக்கும். அது ஆட்டத்தில் இல்லாத வேலை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் எழுத்து. கொ என்பது பார்க்க மூன்று துண்டு, கணக்கில் ஒன்றுதான்.

மனிதர்களாவது சொன்னால் திருத்திக்கொள்வார்கள். சொல் தேடித் தரும் செயலிகள் சில இந்தத் தவறிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) லை ஓர் எழுத்தல்ல. ல ஒரு குறியீடு, கொம்பு இன்னொன்று. க் என்பதிலும் புள்ளி தனிதான். இதைக் கவனிக்காமல் எழுதிய நிரல் குறியீடுகளைக் கலைத்துவிட்டு எழுத்துகளைக் கலைத்ததாக நினைத்துக்கொள்ளும். புதிதாக ஒரு செயலி கிடைத்தால் முதலில் கவலையைக் கொடுத்துப் பாருங்கள். கலவை என்று பதில் வந்தால் அதை நம்பிப் பயனில்லை.

அடுத்த தவறு, எழுத்துகளைக் கண்டபடி மாற்றி மாற்றி அடுக்குவது. எல்லாம் வெவ்வேறாக இருந்தால் நான்கு எழுத்துக்கு 24 வரிசை, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720. இத்தனையையும் எழுதிப் பார்க்கத் தேவையே இல்லை, ஏனென்றால் எந்த எழுத்து எங்கே வரும் என்பதில் தமிழ் கறாரானது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளிலும் தமிழ்ச்சொல் தொடங்காது. குவியலில் அ, இ போன்ற உயிரெழுத்து இருந்தால் அதற்கு இடம் முதலில்தான்; ஓசையை நீட்ட நடுவிலோ கடைசியிலோ உயிரெழுத்தைச் சேர்த்து எழுதும் அளபெடை ஒன்றுதான் விலக்கு. க், ச், ட், த், ப், ற் கடைசியில் நிற்காது. ங் இருந்தால் பக்கத்தில் க வரிசை எழுத்து ஒன்றைத் தேடலாம்; ஞ்-க்குச் ச, ண்-க்கு ட, ந்-க்குத் த, ம்-க்குப் ப, ன்-க்கு ற என்று தேடினால் பெரும்பாலும் பொருந்தும். இரண்டு மெய் அடுத்தடுத்து வர வேண்டுமானால் முன்னால் நிற்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: காய்ச்சல், தேர்ச்சி, வாழ்க்கை.

ய, ம், ண, ப என்று நான்கு எழுத்து வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ம்-ஐக் கடைசியில் போடுங்கள். மீதி மூன்றில் ண முதலில் வராது. ஆக பயண, பணய, யபண, யணப என்று நான்கே வரிசை. பின்னிரண்டும் வாயிலேயே நுழையவில்லை. பயணம், பணயம் இரண்டுமே சொற்கள்.

இங்கேதான் பலர் பயணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் சொல் கிடைத்த மகிழ்ச்சியில் மூளை அந்த வரிசையையே பிடித்துக்கொள்ளும். எழுத்துகளைத் தாளில் வட்டமாக எழுதிப் பாருங்கள், அந்தப் பிடி தளரும். கதவு கிடைத்தால் தகவும் இருக்கிறது. சதத்துக்குள் தசம். நகரத்துக்குள் நரகம், இரண்டுக்கும் ஒரே விளக்கம் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. புதிர் தயாரிப்பவர் இந்த ஜோடிகளைப் பார்க்காமல் விட்டால், சரியான விடை எழுதியவருக்கு மதிப்பெண் போய்விடும்.

மேலே சொன்ன விதிகளைப் பூட்டாக எடுத்துக்கொண்டாலும் தவறுதான். ரகம், லட்சம், டம்பம் எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன. க்-க்குப் பின் க வரிசைதான் வரும் என்பது இலக்கணம், ஆனால் சக்தியும் பக்தியும் அதை மீறியே நிற்கின்றன. வடசொல், பிறமொழிச் சொல் செல்லுமா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் பேசினால் சண்டைதான். ல, ள, ழ குழப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குவியலில் ள இருந்தால் வளம், ல இருந்தால் வலம், அவ்வளவே.

சொல் கிடைத்தபின் அதற்குப் பொருள் எழுத அகராதியைப் புரட்டுவதில் வேறு சறுக்கல்கள். மரத்தை என்று தேடினால் கிடைக்காது, மரம் என்று தேட வேண்டும். மெய் முன்னால், உயிர்மெய் பின்னால் என்பது வரிசை, ஆகவே பகலுக்கு முன்பே பக்கம் வந்துவிடும். வினைச்சொல்லில் இன்னும் கவனம் தேவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் படிதல் ஒரு பதிவு, படித்தல் வேறு பதிவு. தூசி படிவதும் பாடம் படிப்பதும் ஒன்றல்லவே. படி என்று மட்டும் விடை வந்தால் ஏறும் படி, அளக்கும் படி, நகல், ஊழியருக்குத் தரும் படித்தொகை என்று பெயர்ச்சொல்லாகவே பல பொருள் நிற்கும். புதிருக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டுவது விளக்கம் ஆகாது.

“ஓட்டம்: ஓடுதல்” என்று எழுதுவதும் வீண். ஓடுதல் தெரிந்தவருக்கு ஓட்டம் தெரியாதா? தகவு பெயர்ச்சொல், அதற்குத் தகுதியான என்று பொருள் எழுதினால் இலக்கணம் இடிக்கிறது, தகுதி என்று எழுத வேண்டும். எழுதிய பொருள் சரியா என்று பார்க்க, சொல் வரும் வாக்கியம் ஒன்றை எடுத்து அதன் இடத்தில் பொருளை வைத்துப் படியுங்கள். பணயம் என்றால் சூதாட்டம் என்று எழுதியிருந்தால், “உயிரைப் பணயம் வைத்தான்” என்பது “உயிரைச் சூதாட்டம் வைத்தான்” என்று ஆகி உளறும். பந்தயத்தில் ஈடாக வைப்பது என்று எழுதியிருந்தால், “உயிரை ஈடாக வைத்தான்” என்று வாக்கியம் தடையில்லாமல் ஓடும்.