கூலன்ட் குறைந்து ஆயில் டீ நிறமானால்: ஹெட்டை இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ரிசர்வாயர் டப்பாவில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வாரா வாரம் குறைகிறது. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதுமே பல ஒர்க்‌ஷாப்களில் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்பார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கெட். பல நேரம் அது சரிதான். ஆனால் எஞ்சின் ஆயிலைக் கூலன்டால் ஆற்றும் ஆயில் கூலர் உள்ளே ஒழுகினாலும் இதே அறிகுறிதான் வரும். ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் செய்து (அடிப்பரப்பைச் சமமாகச் சீவி) மாட்டிய பிறகும் கூலன்ட் குறைந்தால், செய்த செலவு செய்ததுதான். அதனால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் பாதுகாப்பு. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும், முகத்தில் கொதிநீர் அடிக்கும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், ருசியோ இனிப்பு. வடித்த கூலன்டைக் குழந்தைகளும் நாய், பூனைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம், ஆயில் நிறம் மாறியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

படி 1: குறைவது நிஜம்தானா

காலையில் எஞ்சின் ஆறிய நிலையில் ரிசர்வாயரை மேல்கோடு வரை நிரப்பி, அந்த மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். சில நாள் கழித்து, அதே மாதிரி ஆறிய நிலையில் பாருங்கள். சூட்டில் கூலன்ட் விரிவதால் மாலையில் பார்க்கும் மட்டம் ஏமாற்றும். ஆயில் ஏற்கெனவே நிறம் மாறியிருந்தால் இதற்காக வண்டியை ஓட்ட வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: வெளியே ஒழுகுகிறதா

ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்புக்கு அடியில் உள்ள சின்னத் துளை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். காருக்குள் முன்சீட் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால், காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஏசி போட்ட பின் வண்டிக்கு அடியில் சொட்டும் நிறமற்ற, வாடையில்லாத தண்ணீர் இயல்பானது.

ரேடியேட்டர் மூடியையும் சந்தேகப்படுங்கள். அதன் மேல் 0.9, 1.1 போன்ற எண் இருக்கும். அது மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம், கிட்டத்தட்ட பார் கணக்கு. 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்துவிட்டால் அந்தக் காப்பு போய், கூலன்ட் கொதித்து வெளியேறிவிடும்.

படி 3: பிரஷர் டெஸ்ட்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எஞ்சினை ஓட்டாமலே செய்யலாம். மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கைப்பம்ப்பும் கேஜும் உள்ள டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடியுங்கள். 15 நிமிடம் விட்டுவிடுங்கள். முள் அசையவில்லை என்றால், ஆறிய நிலையில் ஒழுக்கு இல்லை. முள் இறங்கி, எங்கோ ஈரம் தெரிந்தால் வேலை சுலபம். முள் இறங்குகிறது, வெளியே ஒரு துளி ஈரமும் இல்லை என்றால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது என்று அர்த்தம்.

படி 4: ஆயிலில் கலந்தது கூலன்ட்தானா

ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்மையாகப் படிந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தினமும் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் அப்படி வரும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஆயிலில் இருப்பது மழைத்தண்ணீராக இருக்கலாம், கூலன்ட் மட்டம் குறைந்திருக்காது. டிப்ஸ்டிக்கில் நிறம் மாறி, மட்டமும் ஏறியிருந்தால் விஷயம் தீவிரம்.

உறுதி செய்ய, சூடேற்றிய பழைய தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, வெட்டவெளியில். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும், இல்லாவிட்டால் சத்தமின்றிப் பரவும். அல்லது வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனம் என்பதால் முதலில் அதுதான் வரும். நன்றாகக் கலந்துவிட்டால் பிரியாது. அப்போது ஆயிலை லேபுக்கு அனுப்பலாம். சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தால் கூலன்டின் தடயம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: எந்த வழியாகப் போகிறது

இங்கே அழுத்தத்தை வைத்து யோசிக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் சாதாரணமாக 3, 4 பார் வரை போகும். கூலன்ட் 1 பார் அளவில்தான் இருக்கும். அதனால் ஆயில் கூலர் ஓட்டையானால், ஓடும்போது ஆயில்தான் கூலன்டுக்குள் போகும். ரிசர்வாயரில் வழவழப்பான பழுப்புக் குழம்பு மிதக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், கூலன்ட் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் நுழையும். ரிசர்வாயரில் நிறைய ஆயில் இருந்தால் நான் முதலில் ஆயில் கூலரைத்தான் கழற்றச் சொல்வேன். அதன் துவாரங்களை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் குழம்பு இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்திருக்கலாம். கியர்பாக்ஸும் ஆபத்தில் இருக்கிறது.

ஹெட் கேஸ்கெட்டுக்கு பிளாக் டெஸ்டர் உண்டு. ரேடியேட்டர் வாயில் கூலன்டைச் சற்று குறைத்து, டெஸ்டரை வைத்து, எஞ்சின் ஓட ஓட மேலே எழும் காற்றை அதன் நீலத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு இருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். ஆயில் நிறம் மாறியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இதற்காக ஓட்டுங்கள். திரவத்தின் நிறம் மாறவில்லை என்பதற்காகக் கேஸ்கெட் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். எரிந்த வாயு கூலன்டுக்குள் வருவதை மட்டுமே இது காட்டும். கேஸ்கெட்டில் ஆயில் வழிக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் கிழிந்திருந்தால் திரவம் நீலமாகவே இருக்கும்.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் வருகிறது. கூலன்ட் பக்கம் மீண்டும் பிரஷர் ஏற்றிவிட்டு, போனில் மாட்டும் சின்ன கேமராவை பிளக் துளைக்குள் விட்டால் பிஸ்டன் மேல் ஈரம் தெரியும்.

டீசல் வண்டியில் ஆயில் சுத்தம், கூலன்ட் மட்டும் மாயமாகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை என்றால் இஜிஆர் கூலரை (எஞ்சினுக்குத் திரும்ப அனுப்பும் புகையைக் கூலன்டால் ஆற்றும் பாகம்) பாருங்கள். அதன் ஒழுக்கு புகையோடு வெளியே போய்விடும்.

படி 6: பழுது தெரிந்த பிறகு

ரேடியேட்டரில் மஞ்சள் தூளோ லீக் அடைக்கும் பவுடரோ போடாதீர்கள். ஒழுக்கை அடைப்பதோடு ஹீட்டர் கோரையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். ஹெட்டை இறக்க வேண்டியதுதான் என்றால், ஃபேஸிங்கோடு நிறுத்தாமல் விரிசல் இருக்கிறதா என்று ஹெட்டையும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இறுக்கும்போது நீளும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிதாகவே போட வேண்டும். மாட்டியதும் மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட்டி வடித்து, ஃபில்டரோடு புது ஆயில் மாற்றுங்கள். கூலன்ட் நிரப்பியதும் காற்றை முழுவதுமாக வெளியேற்றி, படி 1-இல் சொன்ன டேப்பை மறுபடி ஒட்டி மட்டத்தைக் கவனித்து வாருங்கள்.